டீசல் லாரி எஞ்சின் மிஸ் அடிக்கிறதா? வீட்டு வாசலிலேயே காரணத்தைக் கண்டறியும் முறை

ஆக்ஸிலேட்டரை மிதிக்காமல் எஞ்சின் மட்டும் ஓடும் ஐடிலிங்கில், நிற்கும் லாரியின் கேபின் குலுங்கி, கியர் லீவர் நடுங்கி, சைலன்சர் சத்தத்தில் இடையிடையே ஓர் அடி தவறிக்கொண்டிருந்தால், நம்மில் பலரும் உடனே எடுக்கும் முடிவு டீசல் பம்பையும், சிலிண்டருக்குள் டீசலைத் தூவும் நாசிலையும் கழற்றி சர்வீஸ் கடையில் கொடுத்துவிடுவதுதான். சில வேளைகளில் அது சரியாகவும் அமைந்துவிடும். ஆனால் டேங்கிலிருந்து வரும் ரப்பர் ஹோஸில் விழுந்த மயிரிழை வெடிப்போ, நாசிலுக்கு அடியில் நசுங்கிப்போன காப்பர் வாஷரோ, வால்வைத் திறக்கும் அமைப்பில் இடைவெளி கெட்டுப்போன டேப்பெட்டோ காரணமாக இருக்கும்போது பம்பைக் கழற்றுவது வீண் செலவு மட்டுமன்று, ஒழுங்காக இருந்த டைமிங்கையும் (டீசல் தூவப்படும் நேரக் கணக்கு) கலைத்துவிடும் வேலை. பழுதுபார்ப்பது வேறு, பழுது எங்கே இருக்கிறது என்று கண்டறிவது வேறு. முன்னதற்குப் பட்டறை வேண்டும். பின்னதில் பெரும்பகுதியை ஒற்றை லாரி வைத்திருப்பவர் தம் வீட்டு வாசலிலேயே செய்துகொள்ளலாம்.

இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே கேள்வியைச் சுற்றியே அமைகிறது: கோளாறு ஒரு சிலிண்டரிலா, எல்லா சிலிண்டர்களிலுமா? டேங்க், ஃபில்டர், டேங்கிலிருந்து டீசலை உறிஞ்சித் தரும் ஃபீட் பம்பு, ஏர் ஃபில்டர், காற்றை அழுத்தி அனுப்பும் டர்போ ஆகியவை எல்லா சிலிண்டர்களுக்கும் பொதுவானவை என்பதால், அவற்றில் பழுது இருந்தால் எஞ்சின் முழுவதுமே தள்ளாடும். நாசில், அதற்கு வரும் ஹை பிரஷர் பைப், பம்பில் அந்தப் பைப்புக்கான டெலிவரி வால்வு, டேப்பெட், வால்வு, பிஸ்டன் ரிங் ஆகியவை ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி. அவற்றில் ஒன்று கெட்டால் குறிப்பிட்ட அந்த அடி மட்டுமே தவறும். இந்தப் பிரிவினையை முதலில் செய்துகொண்டால், தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடும்.

உங்கள் வண்டியில் இருப்பது எந்த வகை?

எதையும் தொடுவதற்கு முன் எஞ்சினை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். பம்பிலிருந்து ஒவ்வொரு சிலிண்டருக்கும் நேரடியாக ஒரு மெல்லிய இரும்புப் பைப் போனால் அது பழைய மெக்கானிக்கல் பம்பு. பழைய டாட்டா 407 முதல் பழைய டிப்பர்கள் வரை பலவும் இந்த வகைதான். பம்பிலிருந்து வரும் டீசல் தடித்த ஓர் உருளைக் குழாய்க்குள் சேர்ந்து, அங்கிருந்து ஒவ்வொரு இஞ்செக்டருக்கும் (மின்சாரத்தால் இயங்கும் நாசில்) பிரிந்து போய், இஞ்செக்டரின் தலையில் ஒயர் கனெக்டரும் இருந்தால் அது காமன் ரெயில். ஆண்டை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம். பி.எஸ்.4 புகை மாசு விதிகள் நாடு முழுவதும் 2017 ஏப்ரலில் வந்த பிறகும் அசோக் லேலண்ட் தன் எஞ்சின்கள் சிலவற்றில் இன்லைன் பம்பு எனப்படும் மெக்கானிக்கல் வகையையே தொடர்ந்து பயன்படுத்தியது. எனவே கண்ணால் பார்த்து உறுதி செய்துகொள்வதே நல்லது.

இந்த வேறுபாட்டை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உயிர்ப் பாதுகாப்பு. மெக்கானிக்கல் பம்பு வண்டியில் எஞ்சின் ஓடும்போதே பைப் நட்டைத் தளர்த்திப் பார்ப்பது காலங்காலமாக நடக்கும் சோதனை. அதையே காமன் ரெயில் வண்டியில் ஒருபோதும் செய்யக் கூடாது. ஐடிலிங்கிலேயே அந்தக் குழாயில் ஏறத்தாழ 250 முதல் 400 பார் வரை அழுத்தம் நிலையாக நிற்கும். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் 1,600 பாரையும் தாண்டக்கூடும். அந்த அழுத்தத்தில் பீச்சும் டீசல் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்தியதுபோல் ஒரு புள்ளிதான் தெரியும். வலியும் முதலில் அதிகம் இருக்காது. ஆனாலும் தாமதமின்றி மருத்துவமனைக்குப் போக வேண்டிய காயம் அது. ஒழுகல் இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்க்காமல், நீளமான ஓர் அட்டைத் துண்டை நீட்டிப் பார்க்க வேண்டும்.

மற்ற முன்னேற்பாடுகள் எளியவை. சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, கியரை நியூட்ரலில் விடுங்கள். புகை வெளியேற வழியில்லாத கொட்டகைக்குள் எஞ்சினை ஓட்டாதீர்கள். ஏர் ஃபில்டர் குழாயை அடைக்கும் அளவுள்ள தட்டையான பலகை ஒன்றையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். டர்போ சீல் கெட்டு எஞ்சின் ஆயிலையே எஞ்சின் குடிக்கத் தொடங்கினால், சாவியைத் திருப்பினாலும் அது நிற்காது. அப்போது காற்றை அடைத்தால்தான் நிற்கும். கையாலோ துணியாலோ அடைக்க முயல்வது ஆபத்து.

கேளுங்கள், குறித்துக்கொள்ளுங்கள்

முதல் சோதனைக்கு ஸ்பேனர் தேவையில்லை. இரவு முழுவதும் நின்று குளிர்ந்த வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்து, குலுக்கல் எப்போது வருகிறது, எப்போது போகிறது என்பதை மட்டும் கவனியுங்கள். குளிரில் மட்டும் மிஸ் அடித்து, சூடானதும் சரியாகிவிட்டால் கம்ப்ரெஷன் (சிலிண்டரில் காற்று அழுத்தப்படுவது) குறைவு, குளிர்ந்த எஞ்சினில் சிலிண்டரைச் சூடேற்றும் குளோ பிளக் பழுது, நாசில் சொட்டுதல் ஆகியவற்றில் ஒன்றைச் சந்தேகிக்கலாம். குளிரில் நன்றாக ஓடி, சூடான பிறகு மிஸ் அடித்தால் டேப்பெட் இடைவெளி இல்லாமல் வால்வு முழுதாக மூடாதிருக்க வாய்ப்புண்டு. காமன் ரெயில் வண்டியாக இருந்தால் சூட்டில் பழுதாகும் சென்சாரையும் நினைவில் வைக்க வேண்டும். ஐடிலிங்கில் நன்றாக இருந்து, மேட்டில் லோடுடன் ஏறும்போது மட்டும் திணறினால் டீசல் வரத்தோ காற்று வரத்தோ போதவில்லை என்று பொருள்.

சத்தத்தின் தாளமும் முக்கியம். ஒரே இடைவெளியில் திரும்பத் திரும்ப ஓர் அடி தவறினால் ஒரு சிலிண்டர் வேலை செய்யவில்லை. ஆர்.பி.எம் தானாக ஏறி, இறங்கி, மீண்டும் ஏறினால் டீசலில் காற்று கலந்திருக்கிறது அல்லது வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் இறுகியிருக்கிறது. எந்த ஒழுங்கும் இல்லாமல் தாறுமாறாகத் தவறினால் தண்ணீர் கலந்த டீசல் என்று முதலில் நினைக்கலாம்.

சத்தம் சீராகவே இருந்து குலுக்கல் மட்டும் இருந்தால் எஞ்சினைக் குறை சொல்வதற்கு முன் எஞ்சின் மவுண்டிங்கைப் பாருங்கள். ரப்பர் கிழிந்திருக்கிறதா, ஆயில் பட்டு ஊறிக் கொழகொழத்துப் போயிருக்கிறதா என்பது டார்ச் வெளிச்சத்திலேயே தெரிந்துவிடும். இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும்: டாட்டா ஏஸின் இரண்டு சிலிண்டர் எஞ்சினும், அசோக் லேலண்ட் தோஸ்த்தின் மூன்று சிலிண்டர் எஞ்சினும் இயல்பாகவே நாலு சிலிண்டர் எஞ்சினைவிட அதிகம் ஆடும். நாலு சிலிண்டர் வண்டியிலிருந்து மாறி வந்தவர்கள் இல்லாத நோய்க்கு மருந்து தேடுவதைப் பார்க்கலாம். அதே மாடல் வண்டி தெரிந்தவரிடம் இருந்தால் பக்கத்தில் நிறுத்தி ஒப்பிட்டுக்கொள்வது நல்லது.

புகை சொல்லும் செய்தி

கரும்புகை என்றால் டீசல் அதிகம் அல்லது காற்று குறைவு. அடைபட்ட ஏர் ஃபில்டர், கழன்ற டர்போ ஹோஸ், திறந்த நிலையில் மாட்டிக்கொண்ட ஈ.ஜி.ஆர் வால்வு (புகையில் ஒரு பகுதியைத் திரும்ப எஞ்சினுக்குள் விடுவது), ஒழுகும் நாசில் ஆகியவை இதில் அடங்கும். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. வெள்ளைப் புகைதான் குழப்பம் தருவது. கண்ணைக் கரித்து, பச்சை டீசல் வாடை அடித்தால் அது எரியாத டீசல். ஏதோ ஒரு சிலிண்டரில் டீசல் விழுந்தும் பற்றவில்லை. கண்ணைக் கரிக்காமல், லேசான இனிப்பு வாடையுடன், எஞ்சின் சூடான பிறகும் நீராவியாகவே வந்துகொண்டிருந்தால் கூலண்ட் உள்ளே போகிறது. எஞ்சின் ஹெட்டுக்கு அடியில் இருக்கும் அடைப்பான ஹெட் கேஸ்கெட்டின்மீது சந்தேகம் விழ வேண்டும். மழைக்காலக் காலையில் முதல் சில நிமிடங்கள் சைலன்சரில் வரும் ஆவியை இதில் சேர்க்க வேண்டாம்.

டீசல் வரும் வழி

எஞ்சின் முழுவதுமே தள்ளாடுகிறது என்றால் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். இந்தப் பகுதியில்தான் பழுது அதிகம் அகப்படுகிறது, செலவும் இங்கேதான் குறைவு.

முதலில் டீசலையே பாருங்கள். ஃபில்டரின் அடியில் உள்ள வடிகால் திருகைத் தளர்த்தி, சுத்தமான கண்ணாடிப் பாட்டிலில் கால் லிட்டர் பிடித்து, அசைக்காமல் இரவு முழுவதும் வைத்துவிடுங்கள். தண்ணீர் இருந்தால் காலையில் பாட்டிலின் அடியில் தெளிவான ஒரு கோட்டுடன் தனியாகப் பிரிந்து நிற்கும். கறுப்பாகச் சளிபோல் மிதந்தால் டேங்கில் நுண்ணுயிர் வளர்ந்திருக்கிறது. ஃபில்டரை மட்டும் மாற்றிப் பயனில்லை, டேங்கைக் கழற்றிக் கழுவ வேண்டும். பங்க்கில் போட்ட டீசல்மீது சந்தேகம் இருந்தால், அன்றைய அடர்த்தி அளவு அங்கே எழுதி வைக்கப்பட்டிருக்கும். அளந்து காட்டும்படி கேட்பதற்கு வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு.

அடுத்தது ஃபில்டர். எப்போது மாற்றினோம் என்பது நினைவில் இல்லை என்றால், அதுவே மாற்றுவதற்குப் போதிய காரணம். ஆனால் ஃபில்டர் மாற்றிய மறுநாளிலிருந்துதான் மிஸ் அடிக்கிறது என்றால், பழைய ரப்பர் வாஷர் உள்ளேயே ஒட்டிக்கொண்டு அதன்மேல் புதியது உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இது அடிக்கடி நடப்பது. காமன் ரெயில் வண்டியில் புதிய ஃபில்டருக்குள் கேனிலிருந்து டீசலை ஊற்றி நிரப்பி மாட்டும் பழக்கம் வேண்டாம். வடிகட்டப்படாத தூசு நேராக இஞ்செக்டருக்குப் போய்விடும். கையால் அழுத்தி டீசலை ஏற்றும் ஹேண்ட் பிரைமரால் அடித்து நிரப்புவதே சரி.

இனி, இந்தப் பகுதியின் முக்கியக் குற்றவாளியான காற்று. டேங்குக்கும் ஃபீட் பம்புக்கும் இடையே டீசல் தள்ளப்படுவதில்லை, உறிஞ்சப்படுகிறது. எனவே அந்தப் பாதையில் ஓட்டை இருந்தால் டீசல் வெளியே ஒழுகாது. காற்றுதான் உள்ளே நுழையும். தரையில் ஒரு சொட்டுகூட இல்லாததால் ஒழுகல் இல்லை என்று நினைத்துவிடுகிறோம். இதைக் கண்ணால் பார்க்க ஒரே வழி, ஃபில்டருக்கும் பம்புக்கும் இடையே உள்ள குறைந்த அழுத்தக் குழாயில், டீசலைத் தாங்கும் ஒளிபுகும் ஹோஸை ஒரு முழ நீளத்துக்கு கிளிப் போட்டு இணைப்பதுதான். எஞ்சினை ஓடவிட்டு, ஹோஸின் பின்னால் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்துப் பாருங்கள். ஹோஸை மாட்டும்போது புகுந்த காற்று முதலில் பெரிய குமிழிகளாகப் போய் முடிந்துவிடும். அதன் பிறகு மஞ்சள் நிற டீசல் அசைவே தெரியாதபடி கண்ணாடிபோல் தெளிவாக இருக்க வேண்டும். கடுகளவுக் குமிழிகள் சரம் சரமாக வந்துகொண்டே இருந்தாலோ, ஆக்ஸிலேட்டரை அழுத்தும்போது சட்டென்று அதிகமானாலோ, காற்று எங்கோ நுழைகிறது.

எங்கே என்பதற்குக் கேன் சோதனை. ஃபீட் பம்புக்கு வரும் ஹோஸைக் கழற்றி, அதற்குப் பதிலாகச் சுத்தமான டீசல் உள்ள கேனிலிருந்து குட்டையான புதிய ஹோஸ் ஒன்றைக் கொடுத்து, ரிட்டர்ன் குழாயையும் அதே கேனுக்குள் விட்டு எஞ்சினை ஓட்டுங்கள். குமிழியும் நின்று குலுக்கலும் நின்றால், பழுது டேங்குக்கும் ஃபீட் பம்புக்கும் இடையில்தான்: வெடித்த ஹோஸ், தளர்ந்த கிளிப், குழாய் இணைப்பில் (பேன்ஜோ) நசுங்கிய வாஷர், டேங்குக்குள் துருப்பிடித்துத் துளை விழுந்த உறிஞ்சு குழாய் ஆகியவற்றில் ஒன்று. கேனில் ஓட்டியும் குமிழி வந்தால் ஃபீட் பம்பு, ஹேண்ட் பிரைமர், ஃபில்டர் ஹெட் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். என் கருத்தில், வீட்டில் செய்யக்கூடிய சோதனைகளில் இதற்கு இணையாகப் பயன் தருவது வேறில்லை. டிரைவர்கள் தினமும் காலையில் பிரைமர் அடித்து ஏர் எடுத்து வண்டியைக் கிளப்பிக்கொண்டே பல மாதங்களை ஓட்டிவிடுகிறார்கள். அது நோயைத் தள்ளிப்போடுவதே தவிர வேறில்லை.

நன்றாக ஓடும் வண்டி ஒரு மணி நேரம் கழித்துத் திணறி, சற்று நிறுத்தி எடுத்தால் மீண்டும் ஓடுகிறது என்றால், திணறும் அந்த நேரத்தில் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். ‘உஸ்’ என்று காற்று உள்ளே இழுக்கப்பட்டால் மூடியின் காற்றுத்துளை அடைபட்டிருக்கிறது. ஓர் ஊசியால் தீரும் பழுது இது.

எந்த சிலிண்டர்?

ஒரே இடைவெளியில் அடி தவறுகிறது என்றால் அந்த சிலிண்டரைப் பெயர் சொல்லிக் கண்டுபிடிக்க வேண்டும். இரு வகை எஞ்சின்களுக்கும் பொதுவாகப் பொருந்தும் முறை வெப்பத்தை அளப்பது. குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடங்களுக்குள், ஹெட்டிலிருந்து எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு வரும் ஒவ்வொரு வாயிலும், துப்பாக்கி வடிவ இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் ஒரே தூரத்திலிருந்து அளந்து குறித்துக்கொள்ளுங்கள். மற்றவை சூடேறிக்கொண்டிருக்கும்போது ஒன்று மட்டும் தெளிவாகப் பின்தங்கினால் அதுதான் வேலை செய்யாத சிலிண்டர். எஞ்சின் முழுதாகச் சூடான பிறகு அளந்தால் மேனிஃபோல்டு இரும்பு முழுவதும் வெப்பம் பரவி வேறுபாடு மங்கிவிடும்.

மெக்கானிக்கல் பம்பு எஞ்சினில் இதை உறுதிப்படுத்த பைப் நட்டைத் தளர்த்தும் சோதனை. கண்ணாடியும் கையுறையும் அணிந்து, எஞ்சினை ஐடிலிங்கில் விட்டு, நாசில் பக்கத்து நட்டை ஒரு துணியால் சுற்றிக்கொண்டு அரைத் திருப்பு மட்டும் தளர்த்துங்கள். பெரும்பாலும் 17 அல்லது 19 ஸ்பேனர் பொருந்தும். நல்ல சிலிண்டராக இருந்தால் அந்தக் கணமே எஞ்சின் சத்தம் தாழ்ந்து குலுக்கல் கூடும். தளர்த்தியும் எந்த மாற்றமும் இல்லை என்றால், அந்த சிலிண்டர் ஏற்கெனவே வேலை செய்யாமல்தான் இருந்தது. நட்டை இறுக்கிய பிறகே அடுத்ததற்குப் போக வேண்டும். டீசல் சூடான மேனிஃபோல்டின்மேல் தெறிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இதே சோதனையில் இன்னொன்றும் தெரியவரும்: எஞ்சினில் ‘டக் டக்’ என்று நாக்கிங் இருந்து, ஒரு குறிப்பிட்ட நட்டைத் தளர்த்தும்போது மட்டும் அது அடங்கினால், அந்த நாசில் ஒழுகவோ அதன் ஊசி இறுகியிருக்கவோ வாய்ப்புண்டு. பேரிங் போய்விட்டது என்று பயந்து எஞ்சினை இறக்கத் தயாராகுமுன் இதைப் பார்த்துவிடுவது நல்லது.

அனுபவம் உள்ள மெக்கானிக்குகள் நட்டைத் தளர்த்துவதற்கு முன்பே ஹை பிரஷர் பைப்பை இரண்டு விரல்களால் பிடித்துப் பார்ப்பார்கள். ஒவ்வோர் அடிக்கும் பைப்பில் ஒரு துடிப்புத் தெரியும். எல்லாப் பைப்பிலும் அது ஒரே அளவில் இருக்க வேண்டும். ஒன்றில் மட்டும் துடிப்பு மந்தமாக இருந்தால் நாசில் திறந்த நிலையில் நிற்கிறது அல்லது பம்பில் அந்த சிலிண்டருக்கு டீசலை அழுத்தும் பகுதி (எலிமெண்ட்) பலவீனம். ஒன்றில் மட்டும் வெடுக்கென்று பலமாக அடித்தால் நாசில் துளைகள் அடைபட்டிருக்கின்றன. இதுவும் மெக்கானிக்கல் பம்புக்கு மட்டுமே.

காமன் ரெயில் எஞ்சினில் இந்த வேலையை, எஞ்சினின் கணினியைப் படிக்கும் ஸ்கேனரால் செய்ய வேண்டும். ஒவ்வோர் இஞ்செக்டரையும் தனித்தனியே நிறுத்திப் பார்க்கும் வசதியும், ஐடிலிங்கைச் சீராக வைக்க எந்த சிலிண்டருக்கு எவ்வளவு டீசல் கூட்டிக் குறைத்துக் கொடுக்கப்படுகிறது என்ற அளவும் அதில் கிடைக்கும். எஞ்சின் ஓடும்போது இஞ்செக்டர் கனெக்டரைக் கையால் பிடுங்கிப் பார்ப்பது பரவலாக நடக்கிறது. பேட்டரியைவிடப் பல மடங்கு வோல்டேஜ் அந்த ஒயரில் வருவதாலும், பீசோ வகை இஞ்செக்டர் அப்போது திறந்தபடி நின்றுவிடக்கூடும் என்பதாலும் அதைத் தவிர்க்க வேண்டும்.

ஸ்கேனர் இல்லாதவர்களுக்கு ரிட்டர்ன் சோதனை இருக்கிறது. எஞ்சினை நிறுத்தி, ஒவ்வோர் இஞ்செக்டரின் ரிட்டர்ன் குழாயையும் கழற்றி, தனித்தனி ஹோஸ் மூலம் ஒரே அளவுள்ள பாட்டில்களில் விட்டு, சில நிமிடங்கள் ஐடிலிங்கில் ஓட்டிப் பாருங்கள். ரிட்டர்ன் பாதையில் அழுத்தம் குறைவு என்பதால் இதில் ஆபத்து குறைவு. எல்லாப் பாட்டில்களிலும் டீசல் ஏறத்தாழ ஒரே மட்டத்தில் ஏற வேண்டும். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட இரண்டு மூன்று மடங்கு நிரம்பினால் அந்த இஞ்செக்டர் உள்ளே தேய்ந்து டீசலைத் திருப்பி அனுப்புகிறது. காலையில் வெகுநேரம் செல்ஃப் அடித்தால்தான் ஸ்டார்ட் ஆகிறது என்ற புகாருக்கும் பல நேரம் இதுவே காரணம்.

நாசிலா, கம்ப்ரெஷனா?

சிலிண்டர் தெரிந்துவிட்டது. அங்கே டீசல் சரியாக விழவில்லையா, விழுந்தும் எரியவில்லையா என்பதே அடுத்த கேள்வி. மெக்கானிக்கல் எஞ்சினில் இதற்குச் செலவில்லாத வழி நாசில்களை இடம் மாற்றிப் போடுவது. மூன்றாவது சிலிண்டர் மிஸ் அடித்தால், அதன் நாசிலை இரண்டாவதிலும் இரண்டாவதன் நாசிலை மூன்றாவதிலும் மாட்டி ஓட்டுங்கள். மிஸ்ஸிங் இரண்டாவதற்குப் போய்விட்டால் நாசில்தான் குற்றவாளி. மூன்றாவதிலேயே நின்றுவிட்டால் பம்பின் டெலிவரி வால்வு, டேப்பெட், வால்வு, ரிங் என்று மேலே தேட வேண்டும். கழற்றுவதற்கு முன் நாசிலைச் சுற்றியுள்ள மண்ணைக் காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள். உள்ளே விழுந்தால் சிலிண்டரின் உட்சுவரான லைனரைக் கீறிவிடும். மாட்டும்போது புதிய காப்பர் வாஷர் போடுவதோடு, பழைய வாஷர் குழிக்குள் ஒட்டியிருக்கவில்லை என்பதையும் உறுதி செய்யுங்கள். நாசிலைச் சுற்றித் தார் போன்ற கறுப்புப் படிவும், எஞ்சின் ஓடும்போது ‘சஃப் சஃப்’ என்ற ஒலியும் இருந்தால், வாஷர் வழியாகவே கம்ப்ரெஷன் வெளியேறிக்கொண்டிருக்கிறது. இடம் மாற்றிப் பார்க்கவே தேவை இருக்காது. காமன் ரெயில் இஞ்செக்டர்களில் பலவற்றுக்கும் அவற்றின் உடலில் பொறித்த குறியீட்டு எண்ணை எஞ்சின் கணினியான ஈ.சி.எம்மில் பதிந்திருப்பார்கள் என்பதால், ஸ்கேனர் இல்லாமல் அவற்றை இடம் மாற்ற வேண்டாம்.

நாசில் நல்லது என்று தெரிந்தால் வால்வு மூடியைத் திறந்து டேப்பெட்டை அளவிடுங்கள். இடைவெளி அதிகமானால் ‘டிக் டிக்’ சத்தம் காட்டிக்கொடுக்கும். இடைவெளியே இல்லாதபோது சத்தம் வராது, வால்வு மூடாமல் கருகும். அதனால் சத்தமில்லாத டேப்பெட்டே அதிக ஆபத்தானது. அளவு எஞ்சினுக்கு எஞ்சின் மாறும். டாட்டா லாரிகளில் வந்த கம்மின்ஸ் 6பிடி எஞ்சினுக்குக் குளிர்ந்த நிலையில் இன்லெட் 0.25 மி.மீ., எக்ஸாஸ்ட் 0.50 மி.மீ. மற்றவற்றுக்கு அந்தந்த வண்டியின் கையேட்டைப் பார்க்க வேண்டும். ஒரு வண்டியின் அளவை இன்னொன்றுக்கு வைக்கக் கூடாது.

கம்ப்ரெஷனை எண்ணாக அளக்க, நாசில் துளையிலோ குளோ பிளக் துளையிலோ பொருந்தும் அடாப்டருடன் கூடிய டீசல் கேஜ் வேண்டும். பெட்ரோல் வண்டிக்கான கேஜ் இந்த அழுத்தத்தைத் தாங்காது. டீசல் வரத்தை நிறுத்திவிட்டு, நல்ல பேட்டரியுடன் செல்ஃப் அடித்து ஒவ்வொன்றாக அளக்க வேண்டும். நல்ல எஞ்சினில் பெரும்பாலும் 25 பாரோ அதற்கு மேலோ காட்டும். மொத்த அளவைவிட சிலிண்டர்களுக்கு இடையேயான வேறுபாடுதான் கவனிக்கத்தக்கது. 3, 4 பாருக்குமேல் ஒன்று தாழ்ந்தால் அங்கே பழுது உண்டு. பக்கத்துப் பக்கத்து சிலிண்டர்கள் இரண்டும் ஒரே அளவுக்குத் தாழ்ந்திருந்தால் அவற்றுக்கு இடையே ஹெட் கேஸ்கெட் வெடித்திருக்கும் வாய்ப்பு அதிகம். பெட்ரோல் எஞ்சினில் செய்வதுபோல் சிலிண்டருக்குள் ஆயில் ஊற்றிச் சோதிக்க வேண்டாம். டீசல் எஞ்சினில் பிஸ்டனுக்கு மேலே உள்ள இடம் மிகக் குறைவு. ஆயில் கூடினால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

கேஜ் இல்லாதவர்கள், ஓடும் எஞ்சினில் ஆயில் ஊற்றும் மூடியைத் திருகிக் கழற்றி, அதே துளையின்மேல் தலைகீழாக வைத்துப் பாருங்கள். லேசாக ஆடலாம், தூக்கி எறியப்பட்டாலோ, குபுகுபுவென்று புகை வந்தாலோ பேக் கம்ப்ரெஷன் அதிகம், அதாவது ரிங்கோ லைனரோ தேய்ந்திருக்கிறது. அதுபோலவே குளிர்ந்த எஞ்சினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்தால் குமிழி தொடர்ந்து வருவதும், மூடியைப் போட்டு ஓட்டினால் சில நிமிடங்களிலேயே மேல் ஹோஸ் கல்போல் இறுகுவதும் ஹெட் கேஸ்கெட்டைக் காட்டும். சூடான ரேடியேட்டரைத் திறக்கக் கூடாது என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆயில் கேஜ் குச்சியையும் எடுத்துப் பாருங்கள். ஆயில் மட்டம் தானாக ஏறி, டீசல் வாடை அடித்தால் ஓர் இஞ்செக்டர் உள்ளுக்குள் ஒழுகிக்கொண்டிருக்கக்கூடும். அந்த ஆயிலுடன் வண்டியை லோடுக்கு அனுப்பாதீர்கள்.

காற்றும் மின்சாரமும்

கரும்புகையுடன் இழுவை குறைந்தால் ஏர் ஃபில்டர், டர்போவிலிருந்து இன்டர்கூலருக்குப் போகும் ஹோஸ், கிளிப் ஆகியவற்றைப் பாருங்கள். ஹோஸின்மேல் ஆயில் கலந்த தூசு கோடாகப் படிந்திருக்கும் இடத்தில்தான் பெரும்பாலும் வெடிப்பு இருக்கும். ஈ.ஜி.ஆர் வால்வு கரி படிந்து திறந்தே நின்றுவிட்டால் ஐடிலிங் கெட்டுப்போகும். கழற்றிக் கரியைச் சுரண்டினால் பல வண்டிகள் சரியாகிவிடுகின்றன.

காமன் ரெயில் வண்டியில் முதலில் பேட்டரியைச் சந்தேகியுங்கள். 12 வோல்ட் வண்டியில் செல்ஃப் அடிக்கும்போது வோல்டேஜ் 9.5க்குக் கீழே இறங்கினால் ஈ.சி.எம் குழம்பி, இல்லாத பழுதுகளையும் பதிவு செய்யும். சிறிய வண்டிகளில் விலை குறைந்த புளூடூத் ஓ.பி.டி கருவியே (வண்டியில் செருகிப் பழுதைப் படிப்பது) பழுதுக் குறியீடுகளைப் படித்துவிடும். பெரிய லாரிகளுக்கு வேறு வகை ஸ்கேனர் தேவைப்படும். பி0087 என்றால் ரெயில் அழுத்தம் குறைவு, பி0201 முதல் பி0204 வரை அந்தந்த இஞ்செக்டரின் ஒயரிங் பழுது, பி0335 கிராங்க் சென்சார். ஆனால் பி0087 வந்தவுடன் ஹை பிரஷர் பம்பை மாற்றச் சொல்பவர்களை அவசரப்பட்டு நம்ப வேண்டாம். அடைபட்ட ஃபில்டரும், காற்று நுழையும் ஹோஸும், ரிட்டர்ன் அதிகமான ஒரே ஓர் இஞ்செக்டரும்கூட அதே குறியீட்டைத்தான் காட்டும். பி.எஸ்.6 வண்டியில் புகைக்கரியைப் பிடிக்கும் டி.பி.எஃப் ஃபில்டர் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும் நேரத்தில் ஐடிலிங் சற்று உயர்ந்து சத்தம் மாறுவது பழுதன்று. அப்போது சைலன்சர் கடுமையாகச் சூடேறும் என்பதால் வைக்கோல், சருகு இருக்கும் இடத்தில் வண்டியை நிறுத்தாமல் இருந்தால் போதும்.

பம்பு கடைக்குப் போகும்போது

இத்தனையும் பார்த்த பிறகு நாசிலோ பம்போதான் என்று முடிவானால், எந்த சிலிண்டர், என்னென்ன சோதனை செய்தோம், என்ன அளவு கிடைத்தது என்பதை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். நாசில்களைச் சோதனை மேடையில் மாட்டிக் காட்டச் சொல்லிப் பக்கத்தில் நின்று பாருங்கள். குறிப்பிட்ட அழுத்தத்தில் மட்டுமே திறக்க வேண்டும், பனிபோல் சீராகத் தூவ வேண்டும், தூவி முடித்ததும் நுனியில் சொட்டு நிற்கக் கூடாது. ஒன்று கெட்டதற்கு நாலையும் மாற்ற வேண்டும் என்று சொன்னால், மற்ற மூன்றின் சோதனையையும் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். எல்லாம் ஒரே வயதுடையவை என்பதால் சில நேரம் அவர்கள் சொல்வது நியாயமாகவும் இருக்கும். பம்பைக் கழற்றும் முன் அதன் உடலிலும் எஞ்சின் பிளேட்டிலும் சேர்த்து ஒரு கோடு கீறிவைத்தால், திரும்ப மாட்டும்போது டைமிங் அருகிலாவது வந்து நிற்கும். மாட்டி, ஏர் எடுத்து, ஐடிலிங் சீரானதும் வேலை முடிந்துவிட்டதாக விடாமல், முதல் லோடு ஏற்றி ஓட்டி வந்த பிறகு எஞ்சினை நிறுத்தி, ஆறவிட்டு, எல்லாப் பைப் நட்டுகளையும் ரிட்டர்ன் பேன்ஜோக்களையும் டார்ச் அடித்துப் பார்த்து, ஈரம் தெரியும் நட்டை மட்டும் அளவாக இறுக்கிக்கொள்ளுங்கள்.